எதிரே வந்து நின்றது கார்ல்சன்... ஜெயித்தது சென்னைச் சிறுமி!

மேஜைகளை 'ப' வடிவத்தில் போட்டிருப்பார்கள். வெளிப்பக்கம் வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு செஸ் போர்டு, ஓர் ஆட்டக்காரர். உள்பக்கத்தில் நாற்காலியே கிடையாது. அங்கே ஒரே ஒருவர்தான் இருப்பார். அவர் உட்கார மாட்டார், நடந்துகொண்டே இருப்பார். உங்கள் போர்டுக்கு முன்னால் வந்து நின்றதும், நீங்கள் யோசித்து வைத்திருக்கும் காயை நகர்த்த வேண்டும். அவர் சில வினாடி பார்ப்பார். தன் காயைத் தள்ளிவிட்டு அடுத்த போர்டுக்குப் போய்விடுவார். திரும்ப வரும்வரை உங்களுக்கு அவகாசம். ஆனால், அவர் வந்துவிட்டால் அவகாசம் முடிந்தது.

செஸ் உலகத்தில் இதற்கு 'சைமல்' என்று பெயர். ஒரு மாஸ்டர், ஒரே நேரத்தில் பலபேருடன் மோதுகிற ஆட்டம். சாதாரண ஆட்டக்காரர் ஒருவருக்கு உலகத்தரமான மாஸ்டருடன் விளையாடும் யோகம் அடித்தால், பெரும்பாலும் அது இந்த வழியில்தான் அடிக்கும்.

2013 ஆகஸ்ட்டில் சென்னையில் அப்படி ஒரு சைமல் நடந்தது. உள்பக்கம் நடந்தவர் மேக்னஸ் கார்ல்சன். அப்போது அவருக்கு 22 வயது. உலகின் நம்பர் ஒன். நவம்பரில் நம் விஸ்வநாதன் ஆனந்துடன் உலக சாம்பியன் பட்டத்துக்காக மோத வேண்டும்; அதற்கு முன்னால் ஊரையும் போட்டி நடக்கப்போகும் இடத்தையும் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். வந்த இடத்தில் உள்ளூர் ஆட்டக்காரர்களுடன் ஒரு சைமல். எதிரே உட்கார்ந்தவர்களில் ஒருவர், 12 வயது வைஷாலி. பாடியில் வசிக்கும் ரமேஷ்பாபு - நாகலட்சுமி தம்பதியின் மூத்த மகள்.

வைஷாலி ஜெயித்துவிட்டார்.

அந்த நவம்பரில் கார்ல்சன் உலக சாம்பியன் ஆனார். அதற்கு மூன்று மாதம் முன்னால் அவரைத் தோற்கடித்த சிறுமி, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். வீட்டில் 8 வயதில் ஒரு தம்பி இருந்தான். பெயர், பிரக்ஞானந்தா. அவனைப் பற்றிப் பிறகு வருவோம்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சைமலில் ஜெயிப்பதும், தனியாக எதிரெதிரே உட்கார்ந்து ஜெயிப்பதும் ஒன்றல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். உதாரணத்துக்கு 20 போர்டு என்று வைத்துக்கொள்வோம். மாஸ்டர் ஒரு போர்டுக்குப் 10 வினாடி செலவு செய்தால், ஒரு சுற்று முடிய 200 வினாடி. அதாவது, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் உங்களுக்கு மூன்று நிமிஷத்துக்கு மேல். அவருக்கு 10 வினாடி. அவர் 20 ஆட்டங்களைத் தலையில் சுமக்கிறார், நீங்கள் ஒன்றை மட்டும். இவ்வளவு சாதகம் இருந்தும் எதிரே இருப்பவர்கள் தோற்கிறார்கள் என்பதுதான் ஆச்சர்யம். 1922-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் கேபபிளாங்கா ஒரே நேரத்தில் 103 பேருடன் ஆடினார். 102 பேர் தோற்றார்கள். ஒரே ஒருவர் டிரா செய்தார். அந்த ஒருவர் அன்று ராத்திரி தூங்கியிருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம்!

வைஷாலியும் சும்மா வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்த சிறுமி இல்லை. அதற்கு முந்தைய வருஷம், 2012-ல், 12 வயதுக்கு உட்பட்ட சிறுமிகளுக்கான உலக சாம்பியன் பட்டத்தை வாங்கியிருந்தார். சைமலில் யார் உட்காரப் போகிறார்கள் என்பது கடைசி நேரத்தில்கூடத் தெரியவரலாம். ஆனால், உட்கார்ந்த பிறகு என்ன செய்வது என்பது, அதற்கு முன்னால் எத்தனை வருஷம் உட்கார்ந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. டி.வி முன்னாலேயே கிடக்கிறாள் என்று பெற்றோர் செஸ் வகுப்பில் சேர்த்துவிட்ட பெண் அவர். அக்காவைப் பார்த்துத் தம்பியும் போர்டு முன்னால் உட்கார்ந்துகொண்டான்.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு இது புரியாத சமாசாரம் இல்லை. டிசம்பர் சீசனில் ஏதோ ஒரு சபாவில், மிருதங்க வித்வான் வர முடியாமல் போய், கடைசி நிமிஷத்தில் ஒரு சின்னப் பையனை மேடையேற்றிவிடுவார்கள். பெரிய பாடகர் பக்கத்தில் உட்காரும் யோகம் அவனுக்குத் திடீரென்று அடிக்கிறது. ஆனால், தனி ஆவர்த்தனம் திடீரென்று வராது. அது வீட்டில் அடித்த அடியில் வந்தது.

மாஸ்டரே இல்லாத காலம்

இன்று நம் ஊரில் கிராண்ட்மாஸ்டர்கள் கிடைப்பது சுலபம். இந்தியாவின் கிராண்ட்மாஸ்டர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தமிழ்நாட்டுக்காரர். ஆனால், 60 வருஷத்துக்கு முன்னால் நிலைமை வேறு. மாஸ்டருடன் ஒரு ஆட்டம் ஆட வேண்டும் என்றால் கப்பலோ விமானமோ ஏற வேண்டும்.

மானுவல் ஆரோன் கதை அதுதான். பர்மாவில் பிறந்து, தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். அந்தக் காலத்தில் நம் நாட்டில் பல இடங்களில் ஆடியது இன்றைய செஸ் இல்லை, உள்ளூர்ச் சதுரங்கம். ராஜாவை யானையோடு சேர்த்துக் கோட்டை கட்டுவதற்குப் பதிலாக, செக் வாங்காத ராஜா ஒரே ஒரு முறை குதிரை மாதிரித் தாவிக்கொள்ளலாம் என்பது போன்ற விதிகள் புழக்கத்தில் இருந்தன. சர்வதேச விதிப்படி ஆடுங்கள், புத்தகம் படித்து ஆடுங்கள் என்று இந்தியா முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்களில் முக்கியமானவர் ஆரோன்.

1962-ல் ஸ்டாக்ஹோம் நகரத்தில் நடந்த இன்டர்ஸோனல் போட்டியில் அவருக்கு இடம் கிடைத்தது. உலக சாம்பியனுடன் மோதப்போகும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் பாதையில் ஒரு படி அது. எதிரே பாபி ஃபிஷர் உட்பட 22 பேர். போட்டி முடிந்தபோது பட்டியலில் கடைசி இடம் ஆரோனுக்கு. ஆனால், அதே போட்டியில் லாயோஸ் போர்டிஷ், வுல்ஃப்காங் ஊல்மன் என்ற இரண்டு கிராண்ட்மாஸ்டர்களை அவர் ஜெயித்தார். இருவரும் அன்றைய ஐரோப்பாவின் பெரிய தலைகள். ஊரில் சமமான ஆள் இல்லாமல் வளர்ந்த ஒருவர், ஒரே போட்டியில் 22 வலுவான ஆட்டக்காரர்களைப் பார்த்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. நிறையத் தோல்வி, நடுவில் இரண்டு மின்னல்.

இதில் ஒரு விதிச் சிக்கலும் இருக்கிறது. கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு 2,500 ரேட்டிங் மட்டும் போதாது. 'நார்ம்' என்று சில தகுதிகளையும் பெற வேண்டும். பொதுவாக ஒன்பது சுற்றுப் போட்டியில் நார்ம் வாங்க, எதிரே உட்கார்ந்தவர்களில் குறைந்தது மூன்று பேராவது கிராண்ட்மாஸ்டர்களாக இருக்க வேண்டும். ஊரில் ஒரு கிராண்ட்மாஸ்டர்கூட இல்லையென்றால் நார்ம் எங்கே வாங்குவது? கிராண்ட்மாஸ்டர் ஆக கிராண்ட்மாஸ்டர் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான்.

அந்தப் பூட்டை உடைக்க ஆரோன் செய்த காரியம், சென்னையில் ஒரு கிளப் ஆரம்பித்தது. 1972-ல், சோவியத் கலாசார மையத்தில். பெயர், மிகைல் டால் செஸ் கிளப். முன்னாள் உலக சாம்பியன் பெயர். இன்று ரஷ்யப் பண்பாட்டு மையமாக ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கன் சாலையில் இருக்கிறதே, அந்த அமைப்புதான். மயிலாப்பூர் லஸ்ஸில் ஆட்டோ பிடித்தால், டிராஃபிக் இல்லாத நாளில் பத்து நிமிஷம்.

அந்த கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. அதிவேக ஆட்டங்களில் ஜெயித்தவர் அப்படியே உட்கார்ந்திருக்கலாம். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். வயது வித்தியாசம் கிடையாது, பதவி கிடையாது. வங்கி ஆபீசரும் ஸ்கூல் பையனும் ஒரே வரிசை. ஒரு பையன் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மறுத்தான். பெயர், விஸ்வநாதன் ஆனந்த்.

மணிலாவிலிருந்து வந்த பையன்

ஆனந்துக்கு செஸ் கற்றுக்கொடுத்தது அம்மா சுசீலா. அப்போது பையனுக்கு 6 வயது. ரயில்வேயில் இருந்த அப்பாவின் வேலை காரணமாக 70-களின் கடைசியில் குடும்பம் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவுக்குப் போனது. 1978-ல் கார்போவும் கோர்ச்னாயும் உலக சாம்பியன் பட்டத்துக்காக அந்த நாட்டில்தான் மோதினார்கள். ஊரே செஸ் பித்துப் பிடித்துக் கிடந்த நேரம். டி.வி-யில் மத்தியானம் செஸ் நிகழ்ச்சி வரும். ஆனந்த் பள்ளியில் இருப்பார். அம்மா உட்கார்ந்து பார்த்து, காய்களின் நிலையையும் புதிரையும் குறித்து வைப்பார். சாயங்காலம் இருவரும் சேர்ந்து தீர்ப்பார்கள். சரியான விடைக்குப் பரிசு ஒரு செஸ் புத்தகம். வாராவாரம் இந்தப் பையனே பரிசு வாங்க, நிகழ்ச்சிக்காரர்கள் ஒரு நாள் நூலகத்துக்குக் கூட்டிப்போய், வேண்டிய புத்தகத்தையெல்லாம் எடுத்துக்கொள், இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம். ஆனந்தே பேட்டிகளில் சிரித்தபடி சொன்ன கதை இது.

சென்னைக்குத் திரும்பியதும் டால் கிளப். அங்கே வரிசையில் நின்று கிடைக்கும் நாற்காலியை இழக்காமல் இருக்க ஒரே வழி, தோற்காமல் இருப்பது. கண்மூடித் திறப்பதற்குள் காயை நகர்த்தும் அந்த வேகம், பின்னாளில் உலகமே பேசிய வேகம், அந்த வரிசையில்தான் கூர்மையானது. வரிசை நீளமாக இருந்தால் யாருக்குத்தான் எழுந்திருக்க மனசு வரும்!

1983-ல் பம்பாயில் தேசிய அணிகள் சாம்பியன்ஷிப். சென்னையிலிருந்து 'மெட்ராஸ் கோல்ட்ஸ்' என்ற இளைஞர் அணி கிளம்ப வேண்டும். பணம் வேண்டும். அந்தப் பணத்தைக் கொடுத்தவர் யார் தெரியுமா? பாடகர் எஸ்.பி.பாலசுப்ரமணியம். 2020 செப்டம்பரில் எஸ்.பி.பி மறைந்தபோது, தன் முதல் ஸ்பான்ஸர் அவர்தான் என்று ஆனந்த் பகிர்ந்துகொண்ட பிறகுதான் பலபேருக்கு இந்த விஷயமே தெரிந்தது. 13 வயதுப் பையன் பின்னாளில் உலக சாம்பியன் ஆவான் என்று எஸ்.பி.பி-க்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பசங்க விளையாடப் போகணும், காசு இல்லை, கொடுத்தார். அவ்வளவுதான்.

எதிர்பாராத வாய்ப்பு என்று நாம் சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒருவர் இருக்கிறார். புதிரைக் குறித்து வைத்த அம்மா. கிளப்புக்கு இடம் பிடித்த சீனியர். செக்கில் கையெழுத்துப் போட்ட பாடகர்.

ஒன்பது முறை தேசிய சாம்பியனான ஆரோனையே, மீசை முளைக்கும் முன்னால் ஆனந்த் போட்டியில் தோற்கடித்தார். தான் ஆரம்பித்த கிளப்பில் வளர்ந்த பையனிடம் தோற்பது எப்படி இருந்திருக்கும்? பாட்டு வாத்தியார்களைக் கேட்டால் சொல்வார்கள். 1987-ல் உலக ஜூனியர் சாம்பியன். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். பட்டத்துக்குத் தேவையான கடைசித் தகுதியை அவர் பெற்றது, கோவையில் நடந்த சர்வதேசப் போட்டியில். பூட்டு உடைந்தது, நம் ஊரிலேயே.

அதற்குப் பிறகு நடந்தது சங்கிலித் தொடர். ஆனந்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறையில் கிராண்ட்மாஸ்டர் ஆனவர் ஆர்.பி.ரமேஷ். இந்தியன் ஆயில் வேலையை விட்டுவிட்டுப் பயிற்சி கொடுக்க உட்கார்ந்தார். அவரிடம் வந்து சேர்ந்தவர்கள்தான் வைஷாலியும் பிரக்ஞானந்தாவும். ஆரோன் தலைமுறைக்கு ஸ்டாக்ஹோமில் கிடைத்தது, இந்தக் குழந்தைகளுக்கு நம் ஊர் வகுப்பறையில் கிடைத்தது.

மாமல்லபுரத்தில் ஒரு உபரி நாற்காலி

2022 செஸ் ஒலிம்பியாட் மாஸ்கோவில் நடக்க வேண்டியது. உக்ரைன் போர் வந்தது. போட்டி ரஷ்யாவை விட்டு வெளியேறியது. சென்னை கையைத் தூக்கியது. ஏற்பாட்டுக்குக் கிடைத்தது நான்கே மாதம். நேப்பியர் பாலத்துக்குச் செஸ் கட்டம் போட்டு கறுப்பு வெள்ளை அடித்தார்கள். வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' ஊர் முழுக்க வணக்கம் வைத்தது. ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் உலகமே வந்து உட்கார்ந்தது.

அதில் ஒரு சுவாரஸ்யம். போட்டியை நடத்தும் நாடு இரண்டாவது அணியையும் இறக்கலாம். மொத்த அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் வந்தால், ஒரு அணி சும்மா உட்கார வேண்டி வரும் என்பதால், மூன்றாவது அணிக்கும் இடம் உண்டு. அப்படித்தான் இந்தியாவுக்கு மூன்று அணி. வழக்கமாக ஐந்து பேர் போகும் இடத்தில் 15 பேர். இரண்டாவது அணியில் குகேஷ், பிரக்ஞானந்தா, அதிபன், நிஹால் சரின், ரௌனக் சத்வானி. வேறு ஊரில் நடந்திருந்தால் இவர்களில் பலர் வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் பார்த்திருப்பார்கள். இந்தச் சின்னப் பசங்க அணிதான் வலிமையான அமெரிக்காவை 3-1 என்று சாய்த்தது. முதல் எட்டு ஆட்டத்தையும் தொடர்ந்து ஜெயித்தார் 16 வயது குகேஷ். வெண்கலப் பதக்கம் வந்தது, 'உபரி' அணிக்கு! அந்தப் போட்டியில் பெண்கள் பிரிவில் வெண்கலம் வாங்கிய இந்திய அணியில் வைஷாலி இருந்தார்.

மூன்றாவது அணியில் இருந்தவர்களில் ஒருவர் தஞ்சாவூர்க்காரரான கார்த்திகேயன் முரளி. அடுத்த வருஷம், 2023 அக்டோபரில் கத்தாரில் ஓர் ஓப்பன் போட்டி. கார்ல்சனும் வந்திருந்தார். ஏழாவது சுற்றில் கார்த்திகேயன் எதிரே அவர். இது சைமல் இல்லை. ஒரு போர்டு, ஒரு கடிகாரம், எதிரெதிரே இரண்டு நாற்காலி. கார்த்திகேயன் ஜெயித்தார்.

குகேஷ் கதை இன்னொரு விதம். 2013 நவம்பரில் ஆனந்த் - கார்ல்சன் உலக சாம்பியன் போட்டி தேனாம்பேட்டை ஹயாத் ரீஜென்சியில் நடந்தபோது, 7 வயது குகேஷ் பார்வையாளர் பக்கம் உட்கார்ந்திருந்தார். ஆட்டக்காரர்கள் கண்ணாடிக்கு அந்தப்புறம். ஆனந்த் தோற்றார், 6.5 - 3.5. ஊரே சோர்ந்துபோன நாட்கள் அவை. உள்ளே உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அன்று நினைத்ததாக குகேஷ் பின்னால் சொன்னார். சொன்ன இடம் சிங்கப்பூர். 2024 டிசம்பரில் டிங் லிரெனை ஜெயித்து, 18 வயதில் உலக சாம்பியன் ஆனபிறகு சொன்னார்.

தோற்கத் தெரியாத ஒருவர்

எல்லா வாய்ப்பும் இப்படி இனிக்காது. 2021 ஜூன். கொரோனா நிவாரணத்துக்காக ஆனந்த் ஆன்லைனில் ஒரு சைமல் ஆடினார். சினிமா, கிரிக்கெட், தொழில் துறைப் பிரபலங்கள் எதிரே. எல்லோரும் முறைப்படி தோற்றுக்கொண்டிருக்க, இளம் தொழிலதிபர் ஒருவர் மட்டும் ஆனந்தை வீழ்த்திவிட்டார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சந்தேகம். கணக்கை முடக்கினார்கள். கம்ப்யூட்டர் உதவியும் ஆள் உதவியும் இருந்ததை அவரே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ஆனந்த் பெரிதுபடுத்தவில்லை. போர்டில் இருந்ததை வைத்து நான் ஆடினேன், மற்றவர்களிடமும் அதையே எதிர்பார்த்தேன் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்.

எனக்கு அதில் கோபத்தைவிடப் பரிதாபம்தான் அதிகம். ஐந்து முறை உலக சாம்பியனாக இருந்தவர் உங்கள் காய்களை, உங்கள் யோசனையை எதிர்த்து ஆடத் தயாராக இருந்தார். அந்த நாற்காலியில் ஒரு கம்ப்யூட்டரை உட்கார வைத்துவிட்டு எழுந்து போய்விட்டீர்கள். ஆனந்துக்கு ஒரு தோல்வி கூடுதல், அது போகட்டும். உங்களுக்கு அந்த ஆட்டமே கிடைக்கவில்லையே!

திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலத்துக்கு அருகே பூவனூர் என்று ஒரு ஊர். சுவாமி பெயரே சதுரங்க வல்லபநாதர். சதுரங்கத்தில் மகளை ஜெயிப்பவனுக்கே அவளைத் திருமணம் செய்து கொடுப்பேன் என்று ராஜா அறிவிக்க, யாராலும் முடியாமல் போக, ஒரு முதியவர் வேஷத்தில் சிவபெருமான் வந்து ஆடி ஜெயித்தார் என்பது தலபுராணம். ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பிரதமர் பேசியபோது இந்தக் கோயிலைக் குறிப்பிட்டார். தோற்ற இளவரசியின் பக்கம் நின்று பாருங்கள். அதுவரை எதிரே வந்தவர்கள் யாரும் அவளுக்கு ஈடில்லை. தன்னைவிடப் பெரிய ஆட்டக்காரர் வந்து உட்கார அவள் எத்தனை நாள் காத்திருந்தாளோ!

உங்களுக்கு அடித்தால்?

மாட வீதிகளைச் சுற்றி ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நடந்து பாருங்கள். பாட்டு வகுப்பு, வீணை வகுப்பு போர்டுகளுக்கு நடுவே செஸ் வகுப்பு போர்டும் தொங்கும். வாசலில் டூ வீலரில் சாய்ந்தபடி அப்பாக்கள். இவர்கள் வீட்டுக் குழந்தைக்கு ஒரு மாஸ்டருடன் ஆடும் வாய்ப்பு வருவது இன்று நடக்காத காரியம் இல்லை.

ஒரு வழி, ஓப்பன் போட்டி. அதில் 'சுவிஸ்' முறைப்படி ஜோடி சேர்ப்பார்கள். ஆட்டக்காரர்களை ரேட்டிங் வாரியாக வரிசைப்படுத்தி, வரிசையைப் பாதியாக மடிப்பார்கள். 200 பேர் என்றால் முதலாவது ஆளுக்கு எதிரி 101-வது ஆள், இரண்டாவதுக்கு 102. ஆக, நடுவாந்தரமான ஆட்டக்காரருக்கு முதல் சுற்றிலேயே கிராண்ட்மாஸ்டர் எதிரே வந்துவிடலாம். இதற்குச் சிபாரிசு வேண்டாம், பிரபலமாக இருக்க வேண்டாம். பதிவு செய்து, கட்டணம் கட்டி, நேரத்துக்குப் போனால் போதும்.

ஜெயிக்க முடியுமா? ரேட்டிங் கணக்கு இப்படிச் சொல்கிறது. எதிராளி உங்களைவிட 400 புள்ளி அதிகம் என்றால், 11 ஆட்டத்தில் உங்கள் பங்கு ஒரு பாயின்ட். 800 புள்ளி அதிகம் என்றால் 101 ஆட்டத்துக்கு ஒன்று. இதைக் கேட்டு மனசு உடைய வேண்டாம். அந்த ஒன்று இன்றைக்கா நாளைக்கா என்று யாருக்கும் தெரியாது.

இன்னொரு வழி, சைமல். பள்ளி விழா, கல்லூரி விழா, அபார்ட்மென்ட் ஆண்டு விழாவுக்குக்கூட மாஸ்டர்களை அழைக்கிறார்கள். உட்கார இடம் கிடைத்தால் சில விஷயங்கள் ஞாபகம் இருக்கட்டும். அவர் வந்து நின்ற பிறகுதான் காயை நகர்த்த வேண்டும்; முன்கூட்டியே நகர்த்தி வைத்தால் அவருக்கு எது மாறியது என்று குழப்பம். காய்களை வெட்டி வெட்டிக் குறைத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்மில் பலர் நினைப்போம். நடப்பது நேர் எதிர். நாலு சிப்பாயும் ராஜாவும் மிஞ்சும் கட்டத்தில்தான் மாஸ்டருக்கும் நமக்கும் உள்ள தூரம் மிக அதிகம். சிக்கலான நிலை இருக்கும்வரைதான் அவரும் ஒரு வினாடி கூடுதலாக நிற்பார்.

கவனிக்க வேண்டியது ஆட்டத்தின் பின்பகுதி. பக்கத்து போர்டுக்காரர்கள் ஒவ்வொருவராகத் தோற்று எழுந்து போகப் போக, மாஸ்டர் உங்களிடம் திரும்பி வரும் நேரம் குறைந்துகொண்டே வரும். மூன்று நிமிஷம் இருந்தது ஒரு நிமிஷம் ஆகும், பிறகு அரை நிமிஷம். நல்ல நிலையில் இருந்த ஆட்டங்கள் கவிழ்வது இந்த இடத்தில்தான். கடைசி ஐந்து போர்டில் ஒன்று உங்களுடையது என்றால், அதுவே ஒரு சாதனை என்று மனசு துள்ளும். துள்ளட்டும், கை துள்ள வேண்டாம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். போன வாசலிலேயே செல்ஃபிக்கு நிற்காதீர்கள். குழந்தை கையில் ஒரு பேப்பரும் பேனாவும் கொடுத்து, நகர்த்தல்களை எழுதச் சொல்லுங்கள். முடிந்ததும் அந்தத் தாளில் மாஸ்டரிடம் கையெழுத்து வாங்குங்கள். படம் போனோடு போய்விடும். தாள் இருந்தால், பத்து வருஷம் கழித்தும் அதே ஆட்டத்தைப் போர்டில் பரப்பி, இங்கேதான் விட்டேன் என்று காட்டலாம்.

சரி, அந்தத் தம்பி? 2022 பிப்ரவரியில் ஓர் ஆன்லைன் போட்டியில், நம்மூர் கணக்குக்கு நடுராத்திரியை ஒட்டிய நேரத்தில், 16 வயது பிரக்ஞானந்தா கார்ல்சனை வென்றார். 2023 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் பாகு நகரத்தில் இருவரும் மோதினார்கள். முதல் இரண்டு ஆட்டமும் டிரா. டைபிரேக்கில் கார்ல்சன் ஜெயித்தார். ஓரமாக நின்று மகனைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா நாகலட்சுமியின் படம்தான் அந்த வாரம் எல்லோர் வாட்ஸ்அப்பிலும். அதே டிசம்பரில் வைஷாலி கிராண்ட்மாஸ்டர் ஆனார். உலகத்திலேயே முதல் அக்கா - தம்பி கிராண்ட்மாஸ்டர் ஜோடி இவர்கள். 2024 மே மாதம், நார்வேயில், கார்ல்சனின் சொந்த நாட்டிலேயே, முழு நேர ஆட்டத்தில் பிரக்ஞானந்தா அவரை முதன்முறையாகத் தோற்கடித்தார். அதே நாட்களில், அதே ஊரில், பெண்கள் பிரிவில் அக்கா ஆடிக்கொண்டிருந்தார்.

ஓப்பன் போட்டிக்குப் பேர் கொடுத்திருப்பவர்கள், முதல் சுற்று ஜோடிப் பட்டியலை இணையத்தில் தேடிப் பார்ப்பார்கள். உங்கள் பெயருக்கு எதிரே இருக்கும் பெயருக்கு முன்னால் 'ஜிஎம்' என்று இரண்டு எழுத்து தெரிந்தால், அன்று ராத்திரி புது ஓப்பனிங் எதையும் படிக்காதீர்கள். தெரிந்ததையே ஆடுங்கள். சீக்கிரம் படுங்கள். காலையில் இரண்டு பேனா எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று கட்டாயம் மக்கர் பண்ணும்.